டிராவல் கெட்டிலும் பொங்காத பாலும்

1. கருப்புக் கை

எனக்கு முதல் வேலை அகர்பத்தி உருட்டுவது. அதை வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிற பொம்பளைகள் பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள் என்பார்கள். அம்மாவும் நானும் காலையில் பலகை முன்னால் உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்து சாயங்காலம்தான் எழுந்திருப்போம். கரித்தூளும் பிசினும் கலந்த மாவு விரல் இடுக்கில் ஏறிவிட்டால் எந்த சோப்புக்கும் அசையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் கை வைக்கவே கூச்சமாக இருக்கும். பக்கத்து இலைக்காரி முதலில் என் விரலைப் பார்ப்பாள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் தெருவில் அஞ்சலை அக்கா இருந்தாள். ஓசூர் ரோடு பக்கம், அடுகோடியில் ஒரு தகர ஷெட்டில் எலிமென்ட் சுற்றும் வேலை செய்துகொண்டிருந்தாள். ஹாட் பிளேட், இஸ்திரிப் பெட்டி இவற்றின் வயிற்றுக்குள் சூடேறுகிற பாகம்தான் எலிமென்ட். இன்னொரு ஆள் வேண்டும் என்று அவள் வந்து சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. நயா பைசா புதிதாக வந்து, கடைக்காரர்களும் நாங்களும் அணாவா பைசாவா என்று தினம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

முதலாளி அருளப்பன் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மனாக இருந்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்யவேண்டும் என்று ஷெட் போட்டவர். தொப்பி வைத்துக்கொண்டு சைக்கிளில் வருவார். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "கையைக் காட்டும்மா" என்றார். என் கருப்பு விரல்களைப் பார்த்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் விரல் நடுங்குகிறதா என்று மட்டும் பார்த்தார். "ஸ்டெடியா இருக்கு. உக்காரு" என்றார்.

மெல்லிய மைக்கா தகட்டின் மேல் நிக்ரோம் கம்பியை வரிசையாகச் சுற்றவேண்டும். ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொடக்கூடாது. தொட்டால் கரன்ட் விட்டதும் அந்த இடம் கெட்டுப்போகும். அன்று முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் கையை நீட்டியபோது மைக்காத் தூள் ஒட்டி விரலெல்லாம் மின்னியது. அம்மாவிடம் காட்டினேன். "கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றாள். எனக்குக் கழுவ மனசே வரவில்லை.

2. டிபன் கேரியர் அடுக்குக்குள்

ஒரு வருஷம் போல நன்றாக ஓடியது. பிறகு பெரிய கம்பெனிகளின் ஹாட் பிளேட்டும் இஸ்திரிப் பெட்டியும் கடைகளில் வந்து குவிந்தன. எங்கள் சரக்கு ஷெட்டிலேயே தூசி படிந்து கிடந்தது.

அப்போதுதான் கரீம் பாய் யோசனை சொன்னார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தவர். எங்கள் சரக்கை ஆரம்பத்திலிருந்து எடுத்தவர். தமிழும் உருதுவும் கலந்து கணீரென்று பேசுவார்.

"அருளப்பா, இப்போ ஊர்ல எல்லாரும் டூர் போறாங்க. ஆபீசருங்க போறாங்க, சேல்ஸ்மேனுங்க போறாங்க, புள்ளைகுட்டியோட மெட்ராஸ் போறாங்க. ஹாட் பிளேட் இனிமே நக்கோ, வேணாம். பெட்டிக்குள்ள அடங்குற மாதிரி ஒரு சின்ன கெட்டில் போட்டுக் குடு. சரியா இருந்தா சீசன் பூரா நானே எடுத்துக்கிறேன்."

முதலாளி இருந்ததையெல்லாம் அந்தக் கெட்டிலின் டைக்குப் போட்டார். டை என்றால் பிரஸ்ஸில் தகட்டை அழுத்தி உருவம் எடுக்கிற அச்சு. அது வந்து இறங்கிய அன்று எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"இது ஓடுச்சுன்னா நாம எல்லாரும் இருப்போம். ஓடலைன்னா ஷெட்டைக் காலி பண்ணிட்டு நான் வீட்டு வராந்தாவுல ஃபேன் ரிப்பேர் பாக்கப் போயிடுவேன். இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

அஞ்சலை அக்கா என் காதோரம், "அப்போ நாம மறுபடியும் ஊதுவத்தியா?" என்றாள். 

டிசைன் செய்தவர் ராமநாதன் சார். மல்லேஸ்வரத்துக்காரர், அவர் அப்பா மைசூர் சர்க்காரில் வேலை பார்த்தவர். இவர் டிப்ளமோ படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகம் வேண்டாம் என்று எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். நல்ல மூளை. மறதியும் அதே அளவுக்கு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஷெட் முழுக்கத் தேடுவார்.

ஒரு வெளிநாட்டு கேட்டலாகில் இருந்த கெட்டில் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு அதைச் சின்னதாக்கினார். எல்லாம் சேர்ந்து ஒரு டிபன் கேரியர் அடுக்கு அளவுக்குள் அடங்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். பேக்கலைட் கைப்பிடி மடங்கிப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். குழிந்த மூடியைக் கவிழ்த்து உள்ளே இறக்கினால் உயரம் குறையும். ஒயர் சுருண்டு வயிற்றுக்குள் போய்விடும். கைப்பிடி மடங்குவதற்குப் பின்பக்கம் இடம் வேண்டியிருந்ததால், ஒயர் சொருகும் பின்னை முன்னால், மூக்குக்கு நேர் கீழே வைத்தார். அந்தக் கால லாட்ஜ் அறைகளில் பிளக் பாயின்டே இருக்காது. அதனால் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே மாட்டுகிற மாதிரி ஒயர் கொடுத்தோம். அதற்குத் தகுந்த மாதிரி வாட்டைக் குறைத்து எலிமென்டை நான்தான் சுற்றினேன்.

முதல் பீஸ் தயாரானதும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தோம். எத்தனையோ தடவை கொதிக்கவைத்தோம். லீக் இல்லை, ஷாக் இல்லை. மெக்கர் என்கிற மீட்டரை வைத்து எங்காவது கரன்ட் கசிகிறதா என்று பார்த்தோம், முள் ஜம்மென்று நின்றது. ராமநாதன் சார் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வந்தார். கரீம் பாய் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அவர் மகள் கைக்குழந்தையோடு மெட்ராஸ் போகிறாளாம். அவள் உபயோகித்துப் பார்த்துச் சொன்ன பிறகு ஆர்டர் என்றார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்த ஷெட்டில் முதலாளியிலிருந்து பிரஸ் ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லோரும் காபிப் பைத்தியங்கள். பதினோரு மணிக்குக் காபி வரவில்லை என்றால் ஒருவருக்கும் கை ஓடாது. சுவரில் ஒட்டியிருந்த கெட்டில், வெந்நீரை மட்டும் கொதிக்கவைத்து டீத்தூளில் ஊற்றிக்கொள்கிற ஜனங்களுக்காகச் செய்தது என்பது எங்களில் ஒருவர் மண்டைக்கும் ஏறவில்லை.

3. இருட்டில் பொங்கிய பால்

கரீம் பாய் திரும்பி வந்தபோது அவர் கையில் கெட்டில் இருந்தது. மூக்கிலிருந்து அடிவரை பழுப்பு நிறத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. ஒயர் சொருகும் பின் இருந்த இடம் கரிந்திருந்தது. தீய்ந்த பால் நாற்றம் ஷெட் முழுக்கப் பரவியது.

"என் பொண்ணு லாட்ஜ்ல கொழந்தைக்குப் பால் காய்ச்சியிருக்கா" என்றார். குரலில் வழக்கமான கணீர் இல்லை. "ரூம்ல இருந்ததே ஒரு பல்பு. அதைக் கழட்டிட்டுத்தான் உங்க ஒயரை மாட்டணும். ஒரே இருட்டு. இருட்டுல பால் பொங்குறது கண்ணுக்குத் தெரியுமா அருளப்பா? மூக்கு வழியா வெளிய வந்து நேரா பின்னுல எறங்கிருச்சு. டப்புனு ஃப்யூஸ் போச்சு. லாட்ஜ் பூரா இருட்டு. லாட்ஜ்காரன் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கான். கொழந்தை பசியில கத்திக்கிட்டே கெடந்திருக்கு."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. ராமநாதன் சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மூக்கையும் பின்னையும் பார்த்தார்.

"பாலா?" என்றார் மெதுவாக. "நாம தண்ணிதான விட்டுப் பாத்தோம்?"

"அட, இன்னா சார் நீங்க!" என்றாள் அஞ்சலை அக்கா, பொறுக்கமாட்டாமல். "ஊருக்குப் போறவங்க வெறும் தண்ணியையா கொதிக்கவெச்சு குடிப்பாங்க?"

கேட்டது சரிதான். ஆனால் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள், நானும் நின்றேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

பாயிடம் முதலாளி ஒரு வாய்ப்புக் கேட்டார். "ரெண்டு வாரம் குடுங்க பாய். பாலுக்குத் தகுந்த மாதிரி மாத்திடுறோம்."

"என் பொண்ணு மூஞ்சியில முழிக்க முடியல" என்றார் பாய். ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை.

4. பாய் கேட்ட கேள்வி

டையை மாற்றுவதற்கு வழியில்லை. உடம்பு அதே உடம்புதான். ராமநாதன் சார் மூக்கை எடுத்துவிட்டார். அந்த ஓட்டையே போடாமல், ஊற்றுவதற்கு விளிம்பில் ஒரு சின்ன வளைவு கொடுத்தார். இப்போது அது பார்க்க கெட்டில் மாதிரி இல்லை, குட்டிச் சொம்பு மாதிரி இருந்தது. பல்பும் எரியவேண்டும், இதுவும் வேலை செய்யவேண்டும் என்று இரட்டை ஹோல்டர் ஒன்றும் சேர்த்தார். முக்கியமான மாற்றம் உள்ளே. சொம்பில் தண்ணீர், அதற்குள் தொங்குகிற மாதிரி ஒரு கிண்ணம், கிண்ணத்தில் பால். சுற்றியிருக்கும் வெந்நீரில் பால் சூடாகும். பொங்கி வழிகிற பேச்சே கிடையாது.

பாயைக் கூப்பிட்டோம். அவர் முன்னாலேயே காய்ச்சினோம். பால் நன்றாகச் சூடாகி, மேலே ஆடை கட்டியது. பாய் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்போ பொங்கும்?"

"பொங்காது பாய். அதுதான் விசேஷமே" என்றார் முதலாளி.

"பொங்காமயா? அப்போ இது காய்ச்சின பாலா, காய்ச்சாத பாலா?"

ராமநாதன் சார் தெர்மாமீட்டரை விட்டுக் காட்டினார். "பாருங்கோ, இவ்வளவு சூடு போதும். பொங்கணும்னு அவசியமே இல்லை. சயன்டிஃபிக்கா இது காய்ச்சின பால்தான்."

"அந்தப் பாலை தெர்மாமீட்டரா குடிக்கப்போகுது?" என்றார் பாய். பிறகு பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த என் பக்கம் திரும்பினார். "இவங்க ரெண்டு பேரும் விக்கிறவங்க, நல்லாத்தான் சொல்வாங்க. நீ சொல்லுமா. உன் வீட்டுல இந்தப் பாலைக் குடிப்பியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். ராமநாதன் சார் பார்த்தார். அஞ்சலை அக்கா என் முழங்கையை லேசாகக் கிள்ளினாள். என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் மறுபடியும் அகர்பத்திப் பலகைக்குப் போகாமல் தப்பித்துவிடுவோம். ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பில் பால் பொங்கி விளிம்புக்கு எழும்பாமல் ஒரு நாள்கூட அம்மா இறக்கியதில்லை. எழும்பாத பாலைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னால் என் கை போகாது. லாட்ஜில் பாயின் பேரக் குழந்தை கத்தியதும் காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

"குடிக்கமாட்டேன் பாய்" என்றேன்.

பாய் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கதையையே முடிச்சுட்டியேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அஞ்சலை அக்கா வழியெல்லாம் திட்டித் தீர்த்தாள். "சும்னே தலையை ஆட்டிட்டு நின்னா இன்னா கொறைஞ்சு போயிருவே? நாலு பேர் சோத்துல மண்ணு அள்ளிப் போட்டுட்டியே!"  அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த என் பழைய பலகையை எடுத்துத் துடைத்தாள். "இது எங்கியும் போவல. உனுக்காகத்தான் காத்துனு கீது" என்றாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

5. ராமநாதன் சாரின் மறதி

மாசக் கடைசியில் ஷெட்டைக் காலி செய்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அதுவரைக்கும் கைவசம் இருந்த ரிப்பேர் வேலைகளை முடித்துக்கொண்டிருந்தோம். ஹோட்டல் காபியும் நின்றுபோனது. ராமநாதன் சார் யாரோடும் பேசாமல், பொங்காத பால் கிண்ணத்தை வெறித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னிடம் தானாகவே வந்து சொன்னார்.

"தனம், அன்னிக்கு உன் மேல கோவமாத்தான் இருந்துது. ஆத்துக்குப் போய்ச் சொன்னேன். எங்காத்துலயும் அதையேதான் சொல்றா. பொங்கினாத்தான் இறக்குவாளாம். நானே இத்தனை வருஷமா அந்தப் பாலைத்தான் குடிச்சிண்டிருக்கேன், தெரியவே இல்லை பாரு."

மறுநாள் பதினோரு மணிக்குக் காபி இல்லாமல் அவருக்குத் தலையை வலித்தது. அந்தக் குட்டிச் சொம்பிலேயே, கிண்ணத்தை எடுத்துவிட்டு, நேராகப் பாலை ஊற்றி சுவிட்ச் போட்டார். மூடியை மூடினார். எப்போதும் போல யோசனை வேறு எங்கோ. பெட்டியில் அடுக்கும்போது கவிழ்த்து இறக்குகிற பழக்கத்தில், மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டார். குழிந்த பக்கம் மேலே, ஒரு தட்டுப்போல. அவர் அப்புறம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பால் பொங்கும் சத்தம் கேட்டு நான்தான் ஓடினேன். மூடியின் நடுவில் ஆவி போவதற்கு ஒரு ஓட்டை உண்டு. அது வழியாகப் பால் குபுக்கென்று எழும்பி, மூடியின் குழிவில் வட்டமாகப் பரவியது. வழியப்போகிறது என்று கையை நீட்டினேன். வழியவில்லை. குழிவில் கொஞ்சம் ஆறி, அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்கியது. மறுபடி எழும்பியது, மறுபடி இறங்கியது.

"சார்! சார், இங்க வந்து பாருங்க!"

அவர் வந்தார். குனிந்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக நழுவி மூக்கில் வந்து நின்றது. அப்படியே நின்றுவிட்டார். சுவிட்சை அணைக்கவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு ஓட்டை போதாமல் விளிம்பில் பால் வழிய ஆரம்பித்ததும்தான் அஞ்சலை அக்கா பாய்ந்து வந்து அணைத்தாள்.

"ஓட்டை பத்தலை" என்றார் ராமநாதன் சார்.  "இன்னும் நாலஞ்சு போடணும். குழிவை இன்னும் ஆழமா எடுக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். டையைத் தொடவே வேண்டாம்!"

மூடி மட்டும்தான் புதிது. அதற்கு டை தேவையில்லை, ஸ்பின்னிங் லேத்தில் கையாலேயே தகட்டை வளைத்து எடுத்துவிடலாம். பொங்கும் பாலைத் தாங்குகிற அதே குழிவு, பெட்டியில் அடுக்கும்போது சொம்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. டிபன் கேரியர் அடுக்கு அளவு ஒரு நூல்கூட அதிகமாகவில்லை. முதலாளி அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்.

6. பாய் கொண்டுவந்த பால்

கரீம் பாய் வந்தார். வரும்போதே கையில் ஒரு தூக்கு.

"உங்க பால் நக்கோ. இது நம்ம வீட்டுப் பால். என் பேரன் குடிக்கிற பால்" என்றார்.

அவர் கையாலேயே ஊற்றவிட்டோம். புது மூடியைப் போட்டோம். இரட்டை ஹோல்டரில் பல்பும் எரிந்தது, சொம்பும் சூடேறியது.  அந்த எலிமென்டை முந்தின நாள் நான் இரண்டு தடவை பிரித்துப் பிரித்துச் சுற்றியிருந்தேன்.  அப்படியும் ஏதாவது ஒரு சுற்று தொட்டுக்கொண்டிருக்குமோ என்று பயமாக இருந்தது.

பால் பொங்கியது. எல்லா ஓட்டைகளிலும் ஒரே நேரத்தில் எழும்பி, மூடியின் குழிவில் வெள்ளையாக நிறைந்து, விளிம்பைத் தொடுமுன் இறங்கியது. அஞ்சலை அக்கா தன்னை மறந்து, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அது பொங்கல் மாசமே இல்லை. பாய் சத்தமாகச் சிரித்தார். மூன்று முறை எழும்பி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுவிட்சை அணைத்தார்.

ராமநாதன் சார் தெர்மாமீட்டரை எடுக்கப் போனார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு டம்ளரில் பாலை ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"அன்னிக்குக் கேட்ட அதே கேள்விதான்மா. குடிப்பியா?"

வாங்கிக் குடித்தேன். நாக்கு பொத்துப்போகிற சூடு. ஆற்றிக் குடிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கண்ணில் நீர் வந்தது, அது சூட்டினால் மட்டும் இல்லை. டம்ளர் காலியாகும்வரை பாய் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே வைத்ததும், சொம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அருளப்பா, சீசனுக்கு எவ்வளவு போட முடியும்?" என்று கேட்டார்.

 முதலாளி தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். ராமநாதன் சார்தான் அவருக்காகப் பேசினார். அஞ்சலை அக்கா அன்று வழியெல்லாம் என்னைத் திட்டவில்லை. முனை திரும்பும்போது மட்டும், "நல்லவேளை அன்னிக்கு ஆமான்னு சொல்லித் தொலைக்கல நீ" என்றாள்.

ஷெட் தப்பித்தது. பிறகு அது பெரிதாகி இடம் மாறியது. நான் சுற்றுகிற வேலையிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன், அங்கேயே ரிடையர் ஆனேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைவிட எவ்வளவோ படித்தவர்கள். அவர்களிடம் இருக்கிற மீட்டர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: எல்லா மீட்டரையும் வைத்துப் பாருங்கள், கட்டாயம் பார்க்கவேண்டும். எல்லாம் பாஸ் ஆனபின், இதை என் வீட்டுக்குக் கொண்டுபோய் என் குழந்தைக்குப் பால் காய்ச்சுவேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்று மனசு சொன்னால், மாட்டேன் என்றே எழுதுங்கள்.

சுலபம் என்று சொல்லமாட்டேன். வேலையில் இருந்தவரை, ஒவ்வொரு முறை ரிஜெக்ட் என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதும், எங்கிருந்தோ அந்த அகர்பத்தி மாவு வாசனை என் மூக்கில் ஏறும். கை ஒரு நொடி நிற்கும். அப்புறம் எழுதிவிடுவேன்.